சாட்சி கண் மூடும் நேரம்

"உலகத்தில் நடக்கிற எதுவும் சாட்சியின் கண்ணுக்குத் தப்பாது. தப்பியது என்றால், அது நடக்கவே இல்லை என்று பொருள்."

இளம்பரிதி இதைச் சொன்னது கடவுளைப் பற்றி அல்ல. டிபன் கேரியரைப் படுக்கவைத்த அளவில் இருந்த ஒரு சாம்பல் நிறப் பெட்டியைப் பற்றி. சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. இடம், கோயம்புத்தூர் நிலைநோக்கு மையத்தின் மூன்றாவது மாடி. நேரம், பிற்பகல் ஒன்றேகால். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டுப் பேர். அவர்களில் ஆறு பேருக்குச் சுயநினைவு இல்லை.

மீதி இருவரில் ஒருவர் மையத்தின் டாக்டர் நாச்சிமுத்து. இன்னொருத்தி ஃபிலோமினா. அவள் கேட்டாளா என்பதும் சந்தேகம்தான். ஒன்பதாம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியின் மேல் குனிந்து, வண்டிக்கும் தன் தலைக்கும் சேர்த்து ஒரு பச்சைப் போர்வையைப் போர்த்தியிருந்தாள். போர்வைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"போஸ்கோ... போஸ்கோ..."

"என்னம்மா, சளியா? ஆவி பிடிக்கிறியா?" என்றான் இளம்பரிதி.

டாக்டர் மரியாதைக்கு ஒரு இருமல் இருமினார். "காலையிலிருந்து இப்படித்தானுங்க. நம்ம பெட்டி பொய் சொல்லுதுன்னு புகார் எழுதிக் குடுத்திருக்காங்க. விதிப்படி கம்பெனி இன்ஜினியர் வந்து பதில் சொல்லோணும். அதான் உங்களை வரச்சொன்னனுங்க."

போர்வை விலகியது. வியர்த்த முகத்தோடு ஃபிலோமினா நிமிர்ந்தாள். "வாங்கண்ணே. எட்டு மாசமா எட்டிப் பாக்கலையே, இன்னைக்காவது வந்தீங்களே."

எட்டு மாதத்தில் அவன் அந்த வார்டுக்கு நான்கு முறை வந்திருந்தான். ஒவ்வொரு முறையும் பெட்டியைப் புதுப்பித்து, திரையைப் பார்த்து, சரி என்று குறித்துவிட்டுப் போனான். ஒன்பதாம் கட்டிலின் பெட்டியையும் பார்த்தான். அதற்குச் சற்று இடப்பக்கம் இருந்த முகத்தைப் பார்க்கவேண்டிய வேலை எதுவும் பட்டியலில் இல்லை. அது ஃபிலோமினாவின் கணவன் போஸ்கோவின் முகம்; கல்லூரியில் நான்கு வருடம் அவனோடு ஒரே அறையில் தூங்கிய முகம்.

நிலைநோக்கு மையம் என்பது, விழித்திருக்கிறாரா இல்லையா என்று வீட்டாருக்குத் தெரியாதவர்களைக் கொண்டுவந்து போடும் இடம். இங்கே வருகிறவர்களின் மூளைக்குள் முடியைவிட மெல்லிய ஓர் இழையை நடுவார்கள். அந்த இழை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை ஒரே மாதிரி துடித்துக்கொண்டிருக்கும். படுத்திருப்பவர் யாராவது கூப்பிடுவதைக் கேட்டு, பதில் சொல்ல உள்ளுக்குள் எத்தனித்தால், அந்தத் துடிப்புகளில் ஒன்றே ஒன்றின் தலையில் சின்னதாக ஒரு பள்ளம் விழும். அவ்வளவுதான் அவர் பேச்சு. அதைப் பிடிப்பதற்குத்தான் சாட்சி. பொறியியல் படித்தவர்களுக்குச் சொன்னால், அது ஒரு டி.எஸ்.ஓ.; மின்சாரத்தின் ஆட்டத்தை எண்களாக்கித் திரையில் கோடாக வரையும் டிஜிட்டல் அலைக்காட்டி.

ஏழு மாதம் பார்த்தும் அசைவில்லை என்றால் கடைசிச் சோதனை தொடங்கும்: தினமும் உறவினர் யாராவது நூறு முறை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். முப்பது நாள் தொடர்ந்து பதில் பூஜ்யமாக இருந்தால், டாக்டரும் கம்பெனி இன்ஜினியரும் கையெழுத்திடுவார்கள். பிறகு குழாய்களை எடுத்துவிடுவார்கள். போஸ்கோவுக்கு அன்று முப்பதாவது நாள். கையெழுத்து நாலு மணிக்கு.

"டாக்டர், நீங்க சாப்பிட்டு வாங்க," என்றான் இளம்பரிதி. "இது ரெண்டு நிமிஷத்துல முடியற விஷயம்."

டாக்டர் போனார். இளம்பரிதி தள்ளுவண்டியைப் பார்த்தான். அதன்மேல் ஒரு பழைய சி.ஆர்.ஓ. உட்கார்ந்திருந்தது. உள்ளங்கை அகலத் திரை, அதில் பச்சை ஒளிக்கோடு, நெற்றி முழுக்கத் திருகுகள். எண்ணாக எதையும் மாற்றத் தெரியாத அனலாக் அலைக்காட்டி. இழையிலிருந்து சாட்சிக்குப் போகும் கம்பியில் ஒரு கிளை எடுத்து அதற்கும் கொடுத்திருந்தாள்.

"இதை மியூசியத்துலேர்ந்து தூக்கிட்டு வந்தியா?"

"எங்க பாலிடெக்னிக் லேப்லேர்ந்து. தூத்துக்குடியிலேர்ந்து பஸ்ல மடியில வச்சுக் கொண்டாந்தேன். திருகுல இடிச்சு இடிச்சு முட்டியெல்லாம் கன்னிப் போச்சு."

"ஏன், உங்க லேப்ல டி.எஸ்.ஓ. இல்லையா?"

"ஆறு இருக்கு. பீரோல பூட்டி வச்சிருக்கு. இன்ஸ்பெக்‌ஷன் வந்தா எடுத்துத் துடைச்சு வைப்போம், போனதும் பூட்டிருவோம். பழசுமேல எனக்கொண்ணும் பாசம் கிடையாதுண்ணே. பூட்டாம இருந்தது இதுதான், அதான்."

"போர்வை எதுக்கு?"

"ஒரே ஒரு தடவை வார பள்ளம் ரொம்ப மங்கலாத் தெரியும். இருட்டு வேணும். இங்க கேமரா இருக்குன்னு லைட்டை அணைக்க விடமாட்டேங்காங்க."

"சரி. என்ன தெரிஞ்சுது?"

"நூறு தடவை கூப்பிட்டதுல ஏழு தடவை கோட்டுக்குக் கீழ ஒரு மினுக்கு. பெறவு வேற பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தேன். எங்க அண்ணன் பேரு, எங்க பாதர் பேரு, உங்க பேரு. ஒண்ணும் வரல."

"என் பேருக்குமா?"

"உங்க பேருக்குமா இல்ல. உங்க பேருக்குந்தான்."

இளம்பரிதி சட்டைப் பையிலிருந்த பேனா கசிகிறதா என்று பார்த்துக்கொண்டான். கசியவில்லை. பிறகு நிதானமாக, நூறு கல்லூரிகளில் பேசிப் பழகிய குரலில் ஆரம்பித்தான். "இங்க பாரும்மா. இந்த டப்பா பார்க்கும், ஆனா ஞாபகம் வச்சுக்காது. மினுக்கு வந்துது, போச்சு, அவ்வளவுதான். நாளைக்கு யாராவது கேட்டா காட்ட முடியுமா? சாட்சி எட்டு மாசத்தையும் எழுதி வச்சிருக்கு. எந்த நாள், எந்த மணி, எந்த நொடி வேணும்னாலும் எடுத்துக் காட்டும். இதுல நீ பார்த்தது உன் கண்ணு செஞ்ச வேலை. தூக்கமில்லாத கண்ணு."

"சரிண்ணே." அவள் போர்வையை நாலாக மடித்தாள். "ஒரு சந்தேகம். உங்க பெட்டி ஒரு துடிப்பைப் பிடிச்சிட்டா, அடுத்ததை எப்பம் பிடிக்கும்?"

"உடனே."

"உடனேன்னா?"

"பிடிச்சதை எண்ணா மாத்தணும். உள்ள எழுதணும், கணக்குப் போடணும், திரையில வரையணும். முடிச்சதும் அடுத்தது."

"அந்த நேரத்துல வார துடிப்பெல்லாம்?"

"அதே மாதிரிதான் இருக்கும்."

"பாக்காமலே எப்படிண்ணே தெரியும்?"

பன்னிரண்டாம் கட்டில் பக்கம் ஏதோ ஒரு கருவி 'டொய்ங்' என்றது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நூறு துடிப்பு வந்தா உங்க பெட்டி எத்தனையைப் பாக்கும்?"

"ஒண்ணு," என்றான் இளம்பரிதி.

"இந்த டப்பா, புள்ளி அந்த ஓரம் போயிட்டு இந்த ஓரம் திரும்பி வார நேரம்தான் குருடு. மத்தபடி எண்பதாவது பாத்துரும். நான் எங்க பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் இதைத்தான் நடத்துதேன். இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு ரெண்டுலயும் ஒரு திருகைத் திருப்பிப் பாருங்கடான்னு சொல்லுவேன். இது கையோட அசையும். அது கொஞ்சம் யோசிச்சிட்டு அசையும்."

"வேகமான சிப் வரப்போகுது. வந்தா நூத்துக்கு நூறும் பார்க்கும்."

"எப்பம் வரும்?"

"ரெண்டு வருஷத்துல."

"கையெழுத்து நாலு மணிக்குல்லா?"

அவளே தொடர்ந்தாள். "அது போகட்டும். நூத்துல ஒண்ணைத்தான் பாக்குதுன்னா, திரையில கோடு விடாம ஓடிட்டே இருக்கே. மிச்சம் தொண்ணூத்தொம்பதை யாரு வரையுதா?"

"போஸ்கோ," என்றான் இளம்பரிதி.

அவள் கட்டிலைப் பார்த்தாள்.

பொய் இல்லை. உண்மையைத்தான் சொன்னான். அதைப் புரிந்துகொள்ள, பொறியியல் கல்லூரி லேப் ரெக்கார்டு என்ற மாபெரும் இலக்கிய வகையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். அறிவியலில் முதலில் சோதனை, பிறகு அளவு, பிறகு வரைபடம், கடைசியாக முடிவு. கல்லூரியில் முதலில் முடிவு. அது போன வருடத்து சீனியரின் ரெக்கார்டில் இருக்கும். அதிலிருந்து 'மாடல் கிராஃப்' என்று ஒன்றை அழகாக வரைய வேண்டும். அந்த வரைபடத்திலிருந்து அளவுகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டு அட்டவணையில் நிரப்ப வேண்டும். சோதனை செய்வது அவரவர் விருப்பம். லேபில் பன்னிரண்டு அலைக்காட்டிகள் இருந்தன, மூன்றுக்குத்தான் உயிர் இருந்தது, அந்த மூன்றையும் முதல் வரிசைப் பெண்கள் பிடித்துக்கொள்வார்கள் என்பதால், ஆண்களின் விருப்பம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தது.

இந்தக் கலையில் போஸ்கோவை மிஞ்ச ஆள் இல்லை. மற்றவர்கள் போட்ட அளவுகள் கோட்டின் மேல் கச்சிதமாக உட்கார்ந்து மாட்டிக்கொண்டன. போஸ்கோ ஒவ்வொரு அளவையும் கொஞ்சம் கோணலாக்குவான். "லேய், நெசம்னா லேசா தப்பா இருக்கணும்லே. சுத்தமா இருந்தா எவன் நம்புவான்?" என்பான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் போஸ்கோவின் ரெக்கார்டை மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டி, "இதுதான்யா எக்ஸ்பெரிமென்ட்" என்றார். அதைப் பார்த்து எழுதிய இளம்பரிதிக்கும் முழு மதிப்பெண்.

சாட்சியின் முதல் பதிப்பு வந்தபோது, அது பார்க்காத நேரமெல்லாம் திரை வெறுமையாகத்தான் இருந்தது. ஊரெல்லாம் கரண்ட் போய், இன்வெர்ட்டர் உள்ள இரண்டு மூன்று வீட்டில் மட்டும் விளக்கெரிகிற மாதிரி, அங்கங்கே ஒரு புள்ளி. பெட்டி ரிப்பேர் என்று மையங்கள் திருப்பி அனுப்பின. ஒரு செவ்வாய்க்கிழமை, டீக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில், இளம்பரிதி நாற்பது வரி நிரல் எழுதினான். பெட்டி முதல் வாரம் பார்த்ததை வைத்து ஒரு மாதிரிக் கோடு தயாரிக்கும். பார்க்காத நேரத்தையெல்லாம் அதைக்கொண்டு நிரப்பும். நம்பும்படியாக, கொஞ்சம் கோணலோடு. நன்றி மறக்கக் கூடாது என்று அந்த நிரலுக்கு அவன் வைத்த பெயர், போஸ்கோ.

நூறில் ஒன்றில் எப்போதாவது ஒரு பள்ளம் சிக்கினாலும், சுற்றியிருக்கும் தொண்ணூற்றொன்பதோடு சேர்த்துச் சராசரி எடுக்கும்போது அது கரைந்துவிடும். எட்டு மாதமாக ஒன்பதாம் கட்டில் திரையில், போஸ்கோ பதில் சொல்லவில்லை என்று வரைந்துகொண்டிருந்தது போஸ்கோதான்.

இளம்பரிதி இதையெல்லாம் அவளிடம் சொன்னான். தட்டச்சு செய்த கடிதத்தைப் படிப்பதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் செய்வதற்கு ஏதாவது இருந்திருக்கும். அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, போஸ்கோவின் கை விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள்.

"ரெக்கார்டு நல்லாத்தான் எழுதுவாரு," என்றாள். "எனக்கும் பி.எட்.டுக்கு அவருதான் எழுதிக் குடுத்தாரு."

"ஃபிலோமினா..."

"கல்யாணமாகி நாலு வருஷம், ஒரு நாளும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லண்ணே. இங்க வந்துதான். மொத நாளு அப்படிக் கூச்சமா இருந்துது. இப்பம் மூவாயிரம் தடவை ஆச்சு." விரல் நீவுவதை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தாள். "நான் கூப்பிடுதேன். நீங்க போர்வைக்குள்ள வந்து பாருங்க. ஒரே ஒரு தடவை."

"வேண்டாம்மா."

"ஏன்?"

அவனுக்கே தெரியவில்லை. மினுக்கு வந்தாலும் வராவிட்டாலும் அதைப் பார்த்தவனாக அதற்கு அப்புறம் இருக்கவேண்டி வருமே என்று மட்டும் தோன்றியது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சாட்சியின் பக்கம் போனான். பொறியாளர்களுக்கு மட்டும் திறக்கும் பட்டியலைத் திறந்து, 'போஸ்கோ: இயங்குகிறது' என்ற வரியைத் தேடி, அணைத்தான்.

விடாமல் ஓடிக்கொண்டிருந்த கோடு நின்றுபோனது. கறுப்புத் திரையில் அங்கங்கே ஒரு புள்ளி தெரிந்து மறைந்தது.

சாப்பாடு, மற்ற வார்டுகள் எல்லாம் முடித்து மூன்று ஐம்பதுக்கு டாக்டர் திரும்பி வந்தார், கையில் தொடுதிரைக் கையெழுத்துப் பலகையோடு. திரையைப் பார்த்துப் பதறினார். "ஏனுங்க, பெட்டி கெட்டுப் போச்சுங்களா?"

"இல்லைங்க டாக்டர். பெட்டியே இவ்வளவுதான்."

டாக்டருக்குப் புரிய மூன்று நிமிடம் ஆனது. புரிந்ததும் காலியாக இருந்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி.

"அப்போ இதுக்கு முன்னாடி போனவங்க..."

இந்த ஒரு மையத்தில் மட்டும் அறுபத்தேழு சான்றிதழ்கள். எல்லாவற்றிலும் இளம்பரிதியின் கையெழுத்து. கையெழுத்து என்றால் போனில் கட்டைவிரலை ஒரு முறை அழுத்துவது. ஒன்றை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு அழுத்தியது நினைவிருந்தது. ஒன்றை சலூனில், முகம் முழுக்க நுரையோடு. மற்றவை நினைவில்லை. அழுகை வருகிறதா என்று காத்துப்பார்த்தான். பசிதான் வந்தது. காலையில் சாப்பிடவில்லை.

பலகையை வாங்கி, 'பொறியாளர் குறிப்பு' என்ற கட்டத்தில், 'சாட்சி பார்க்கவில்லை. பதில் இருப்பதாக மனைவி கண்டார்' என்று எழுதினான். பலகை ஏற்க மறுத்தது. 'ஆதாரக் கோப்பை இணைக்கவும்' என்றது. பச்சை மினுக்குக்குக் கோப்பு கிடையாது. மூன்று முறை முயன்று மூன்று முறையும் அதே வாசகம். பிறகு ஒன்றும் செய்யாமல் மூடினான். போஸ்கோவின் பெயருக்கு எதிரே 'நிலுவை' என்று மஞ்சளில் எழுந்தது.

"நான் கையெழுத்து போடலைன்னா குழாயை எடுக்க முடியாதில்லைங்களா?"

"முடியாதுங்க. ஆனா உங்க கம்பெனியில திங்கட்கிழமை வேற இன்ஜினியரை அனுப்புவாங்க."

"இன்னைக்கு வியாழக்கிழமை."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன்."

ஃபிலோமினா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "திங்கக்கிழமை வாறவருகிட்டயும் இதையே கேக்கேன்," என்றாள். "இருட்டுக்குள்ள ஒரு கேமராவை வச்சு, கூப்பிட கூப்பிடப் படம் எடுத்தா, அதைக் கோப்புன்னு ஒத்துக்குவாங்களா?"

சாட்சியை வடிவமைத்த பதினான்கு பொறியாளர்களில் ஒருவருக்கும் இது தோன்றியதில்லை. "ஒத்துக்கிட்டுதான் ஆகணும்," என்றான் இளம்பரிதி. "மெதுவா மூடித் திறக்கிற கேமரா வேணும். நான் தேடித் தர்றேன்." அன்று அவன் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை அதுவாக இருக்கக்கூடும்.

அவள் கட்டில் விளிம்பிலேயே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். முப்பது நாள் தூக்கம் ஒரே சமயத்தில் வந்ததுபோல, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

டாக்டர் எழுந்து, குரலைத் தாழ்த்தினார். "பன்னெண்டாம் கட்டிலுக்கும் இன்னைக்குத்தானுங்க முப்பது நாள். நாலரைக்குக் கையெழுத்து. அதையும் நிலுவையில வெச்சர்லாங்களா?"

"யாரு அவங்க?"

"வெள்ளியங்கிரின்னு பேரு. லாரி ஸ்டாண்டுல விழுந்து கிடந்தாருன்னு கொண்டாந்தாங்க. தேடி யாரும் வரலீங்க."

"அப்ப தினமும் நூறு தடவை கூப்பிடுறது?"

"ரெக்கார்டிங்குதானுங்க. ஆபீஸ்ல ஒரு அம்மா ஒரு தடவை பேரைச் சொல்லிப் பதிவு பண்ணிக் குடுத்தாங்க. அதையே நூறு தடவை ஓட்டிர்றது."

டாக்டர் மற்ற கட்டில்களைப் பார்க்கப் போனார். ஒவ்வொரு கட்டிலின் முன்னும் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்.

இளம்பரிதி தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிடாமல் தூக்கிப் பிடித்தபடி, பழைய அலைக்காட்டியைப் பன்னிரண்டாம் கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு போனான். கம்பியில் கிளை எடுத்தான். கட்டிலில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், சவரம் செய்து நான்கு நாளான முகத்தோடு படுத்திருந்தார். இளம்பரிதி அந்த முகத்தைப் பார்த்தான். புருவத்தில் ஒரு பழைய தழும்பு இருந்தது.

போர்வை ஃபிலோமினாவின் மடியில் இருந்தது. அவளை எழுப்ப மனம் வரவில்லை. வெள்ளியங்கிரியின் கால்மாட்டில் கிடந்த துப்பட்டியை உதறி எடுத்து, தலைக்கு மேலே போட்டு, அலைக்காட்டியையும் உள்ளே சேர்த்துக்கொண்டு குனிந்தான். உள்ளே ஃபினாயில் நாற்றமும் சூடான தூசியின் வாசமும் அடித்தன. பச்சைக் கோடு மட்டும் மூக்குக்கு முன்னால் நின்றது.

"வெள்ளியங்கிரி," என்றான்.

கோடு அசையவில்லை. தன்னைவிட இருபது வயது பெரியவரை மொட்டையாகப் பெயர் சொல்வது உறுத்தியது. "வெள்ளியங்கிரி அண்ணா," என்றான். "அண்ணா... வெள்ளியங்கிரி அண்ணா..."

வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. எண்ணிக்கொண்டே கூப்பிட்டான். முப்பது தாண்டியது. துப்பட்டிக்கு வெளியே டாக்டரின் செருப்புச் சத்தம் வந்து, நின்று, எதுவும் கேட்காமல் திரும்பிப் போனது.

நாற்பத்தொன்றாவது தடவை, கோட்டுக்குச் சற்றுக் கீழே ஏதோ இருந்தது. இருந்ததா என்று நினைப்பதற்குள் இல்லை.

அவன் துப்பட்டியை விலக்கவில்லை, யாரையும் அழைக்கவில்லை. சட்டைப் பையைத் துழாவிப் பேனாவை எடுத்து, இருட்டுக்குள்ளேயே, தன் இடது உள்ளங்கையில் தடவிப்பார்த்து ஒரு கோடு போட்டுக்கொண்டான்.

"அண்ணா," என்றான் மறுபடியும். நாற்பத்திரண்டு.